லொரெற்றாவுக்கு எழுதிய பாட்டு

தம்பி,

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு, அம்மா ஆளை மாற்றிச் சொல்லுகிறா என்று நீ கதை விடக் கூடாது. மேடைக்கு முன்னாலிருந்த பெரிய மேசையில் உன் அப்பா, தன் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று நீ எடுத்துக் கொடுத்த மண்ணிறக் கோட்டோடு. அவருக்குப் பக்கத்தில் நான். எனக்குப் பக்கத்தில் உன் மனைவி ஷாமினி, மடியில் குழந்தை. அடுத்த மேசையில் உன் மாமனார் யேசுதாசன், மாமியார் புஷ்பம், பிக்கரிங்கில் உங்கள் தெருவிலேயே வீடு வாங்கிய தேவராசா, அவருடைய மனைவி, இரண்டு பெண்கள். அதற்கு அடுத்ததில் உன் அப்பாவோடு வெயர்ஹவுசில் வேலை செய்த குணம், பற்றிக், சின்னராசா, பெயர் என் வாயில் வராத ஒரு போலந்துக்காரர். பாதர் வந்து ஜெபம் சொல்லி, ஒரு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் பாட்டுத் தொடங்க முன்னமே போய்விட்டார். அவரை இதில் நான் சேர்க்கவில்லை. மேடையில் கிற்றாரோடு நீ, உன் குழுப் பெடியள் மூன்று பேர், மொன்றியலில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பாட்டுக்கார அல்போன்ஸ். கதவுக்குப் பக்கத்து மேசையில், குளிர் கோட்டைக் கழற்றாமல், என் தங்கை ஜெசிந்தா.

இதை நான் உனக்குத் தபாலில் அனுப்பவில்லை. தமிழ்க் கடைகளின் வாசலில் சும்மா எடுத்துக்கொண்டு போகும்படி அடுக்கி வைத்திருக்கிறார்களே ஒரு பத்திரிகை, அதற்குத்தான் கொடுக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், சொல்லில் கை வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஏன் அம்மா சந்திக்குக் கொண்டுவருகிறா என்று நீ கேட்பாய். சந்திக்குக் கொண்டுவந்தது நானில்லை. மைக்கில் சொன்ன கதைக்குக் காதுக்குள் பதில் சொல்ல முடியாது. பாட்டைக் கேட்டுக் கை தட்டினவர்கள் எல்லோரும் இந்தப் பத்திரிகையில்தான் மரக்கறி சுற்றிக்கொண்டு போகிறவர்கள். சுற்ற முதல் வாசிக்கட்டும்.

நீ செய்யப்போவது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன், அவர்களுக்கும் தெரிய வேண்டும். வருகிற சனிக்கிழமை நீ ஸ்ரூடியோ எடுத்திருக்கிறாய். அந்தப் பழைய பாட்டை உன் குழுவோடு புதிதாகப் பாடி சீடி போடப்போகிறாய். மட்டையில் உன் அப்பா இளந்தாரியாக டிரம்ஸ் அடிக்கிற படம். பாட்டுக்கு முன்னால், அது பிறந்த கதையை அல்போன்ஸ் தன் குரலில் சொல்ல வேண்டும் என்பது உன் திட்டம், மண்டபத்தில் சொன்ன அதே கதையை. மூன்று கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் நீ வேலை முடிந்து கோ ட்ரெயினால் இறங்கின கையோடு ரெக்ஸ்டேலுக்கு, உன் சித்தி வீட்டுக்குப் போன் எடுத்து, வீட்டுக்கு வாங்கோ அம்மா, உது வெறும் பாட்டு என்கிறாய். வெறும் பாட்டு என்றால் எனக்கு அதன் பின்னணியைச் சொல்ல விடு. மேடையில் சொன்னது பாதி. மற்றப் பாதி என் வீட்டுக்குள் நடந்தது.

எங்கள் அப்பா, எனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது, கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஜெசிந்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா கருவாடு போட்டு விற்று எங்களை வளர்த்தா. எனக்குக் கல்யாணம் வந்தபோது, எங்கள் வழக்கப்படி வீட்டை எனக்குச் சீதனமாக எழுதினா. உன் அப்பா அந்த வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆம்பிளை என்றால் அவர் ஒருவர்தான். ஜெசிந்தா அவரை அத்தான், அத்தான் என்று சுற்றித் திரிவாள். கரிப்பெட்டி சுடவைத்து அவருடைய சேர்ட் மினுக்கிக் கொடுப்பாள். தட்டச்சு வகுப்புக்குப் போய்வந்ததும் படித்ததை அவருக்குத்தான் காட்டுவாள். அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதுகிற கிளாக்கர். வேலை முடிந்தால் ஒரு தையல்கடையின் பின்னறையில் டிரம்ஸ். அல்போன்ஸ் பாட்டும் கிற்றாரும், இன்னும் இரண்டு பேர் கூட. கப்பலில் வேலை செய்த ஒருவன் கொண்டுவந்து கொடுத்த இங்கிலிஷ் இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, றொக் அன் றோல் என்று ஆடிப் பழகினார்கள். காற்சட்டை கணுக்காலில் ஒட்டியிருக்கும், தலைமயிர் எண்ணெயில் நிற்கும். ஊரில் அவர்களைப் பகிடி பண்ணினவர்கள்தான் கார்னிவலில் அவர்களைப் பார்க்க வேலி பிரித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தாளத்துக்குத் தமிழில் சொல் போட்டது அவர்கள்தான், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். நல்ல தாளம். கால் தானாக ஆடும். அதுதான் மோசம் செய்தது. ஒப்பாரி போல இருந்திருந்தால் அந்த மாதத்தோடு செத்திருக்கும்.

அந்தப் பாட்டை முதல் மேடையேற்றின கார்னிவலுக்கு நான் போகவில்லை. நீ வயிற்றில் நாலு மாதம், சாப்பிட்டது தங்காத சத்தி எனக்கு. மறுநாள் காலை தெருக் குழாயடியில் தண்ணீர் எடுக்க நின்றபோதுதான் முதல்முதல் அந்தப் பாட்டைக் கேட்டேன். சைக்கிளில் போன இரண்டு பெடியள் என்னைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். ஜெசிந்தா ஜெசிந்தா, முன்பாரில் ஏறி வா. அதற்குப் பிறகு வருகிற வரிகளை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை. உனக்கு மனப்பாடம். ஒரு பெட்டை ஒரு பெடியனோடு சைக்கிள் முன்பாரில் ஏறிப் படம் பார்க்கப் போகிறாள், வழியில் என்ன என்ன என்பதுதான் பாட்டு. எங்கள் தெருவில் ஜெசிந்தா என்று ஒருத்திதான் இருந்தாள். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், என்னை மட்டும் பார்க்கவில்லை.

நான் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். விளக்குமாற்றை எடுத்தேன். அம்மா தடுக்கவில்லை. எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. பிடி முறிந்துபோனது தெரியும். அவள் ஓடவில்லை. "அக்கா, அந்தப் பாட்டுக்காரரோட நான் ஒரு சொல்லுக் கதைச்சதில்லை" என்று ஒருதரம் சொன்னாள், பிறகு அதுவும் இல்லை. உன் அப்பா குசினி வாசற்படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முழுத் தேத்தண்ணியையும் குடித்து, கோப்பையைக் கீழே வைத்து, எழும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"காணும் விடும். சின்னப் பிள்ளை, இந்த முறை மன்னிச்சு விடும்" என்றார்.

தம்பி, அதை நான் முப்பது வருடமாக நல்ல குணம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும்போதெல்லாம், மனிசன் அன்றைக்கு என் தங்கைக்காகக் கதைத்தவர் என்று அந்தக் காலையை நினைத்து அடங்கியிருக்கிறேன். உனக்குச் சின்ன வயதில் இதைச் சொல்லித்தான், அப்பாவைப் போல இரக்கமாக இருக்க வேண்டும் என்று வளர்த்தேன். நான் சொல்லித்தந்ததில் இது பிழை. நீ இதை மறந்துவிடு.

தட்டச்சு வகுப்பை நான்தான் நிறுத்தினேன். அடுத்த வருடம் மன்னாரில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அரிசி ஆலையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை, அக்கா ஒருத்தி மட்டும். பாட்டு அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை என்று அம்மா மெழுகுதிரி கொளுத்தினா. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கல்யாணம், மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்று சுவாமி பலிபீடத்தில் நின்று பெயரை உரக்க வாசிப்பார். முதல் ஓலைக்கு மாப்பிள்ளையின் அக்கா மன்னாரில் இருந்து வந்து பெண்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் முக்காடு போட்டு இருந்தா. சுவாமி வாசித்தார். காலஞ்சென்ற இன்னாரின் மகள் ஜெசிந்தா என்று அவர் சொல்லி முடிக்க, பின்னாலிருந்து யாரோ அந்த மெட்டை விசிலடித்தான். ஒருவன்தான். அது போதுமாக இருந்தது. பின் வாங்கில் தொடங்கி வரிசை வரிசையாகச் சிரிப்பு முன்னால் வந்தது. கோயிலில் பாடுகிற பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுவாமிக்கு என்னவென்று விளங்கவில்லை, ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அக்கா திரும்பி என்னிடம், என்ன விஷயம் என்று மெதுவாகக் கேட்டா. நான் ஒன்றும் இல்லை என்றேன். பூசை முடிந்து போகிற வழியிலேயே யாரோ அவவுக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை.

உன் அப்பா அன்றைக்குக் கோயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் சிகரெட்டோடு நின்றார். பெடியளின்ர பகிடி என்றார்.

பிறகு ஜெசிந்தாவை ஒருவரும் கேட்டு வரவில்லை. கன்னியர் மடத்தில் தையல் படிப்பித்தாள். பிறகு சண்டை, பிறகு இந்தியா, பிறகு நாங்கள் வந்து ஆறு வருடம் கழித்து இங்கே. முதலில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாலு பெண்களோடு ஒரு அறை, இப்போது ரெக்ஸ்டேலில் பதினோராம் மாடி. முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை. நாற்பத்தெட்டு வயது. உனக்கு முதல் கிற்றார் வாங்கித் தந்தவள் அவள் என்பதை நீ மண்டபத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த முப்பது வருடமும் நான் அல்போன்ஸைப் பகைத்தேன். கொழும்பில் ஒரே பஸ்ஸில் ஏறினான், நான் இறங்கிவிட்டேன். அவனுடைய தாய் செத்தபோது செத்த வீட்டுக்குப் போகவில்லை. மொன்றியலுக்கு வந்துவிட்டான் என்று கேட்டு, மொன்றியலில் இருந்த என் சிநேகிதியின் மகள் கல்யாணத்துக்கும் போகாமல் விட்டேன். அப்பாவின் அறுபதுக்கு அவனைக் கூப்பிடப்போகிறேன் என்று நீ சொன்னபோது இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. உன் அப்பா, அவனும் கிழவனாப் போனான், விடும் என்றார். நீ, ஒரு நாள் தானே அம்மா என்றாய். அப்போது எனக்கு ஒரு புத்தி தோன்றியது, நான் செய்த பிழைகளில் அவளை அடித்தது முதலாவது, இது இரண்டாவது. ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்து, நீயும் வா என்றேன். மாட்டேன் என்றாள். வந்து நிமிர்ந்து இரு, அவன் உன் முகத்தைப் பார்க்கட்டும், வெட்கப்பட வேண்டியது அவன் என்று அவளை வற்புறுத்தினேன். இரண்டு பஸ் மாறி, சேறாய்ப் போன பனிக்குள்ளால், பொரித்த கட்லெட் நூறு அடுக்கின சட்டியோடு வந்தாள்.

மேடையில் அல்போன்ஸ் என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு இப்போது கொஞ்சம் மறதி, எனக்கு இல்லை.

"இந்தப் பாட்டுக்கு ஒரு பின்னணி இருக்கு. முப்பது வருஷமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் இதை எழுதினது ஜெசிந்தாவுக்கு இல்லை. லொரெற்றா எண்ட பிள்ளைக்கு. எங்கட ஊர்ப் புறக்டரின்ர மகள். புறக்டர் ஐயா வழக்குப் பேசிறதில மட்டுமில்லை, துவக்கால சுடுறதிலயும் வலு கெட்டிக்காரன். மேடை ஏற ரெண்டு நாள்தான் இருக்கு. லொரெற்றா எண்டு பாடினா நான் உயிரோட இறங்க மாட்டன். அப்ப எங்கட டிரம்ஸ்காரன், இந்தா இருக்கிற பிறந்தநாள் மாப்பிள்ளை, சொன்னான். டேய், அப்பன் இருக்கிற வீட்டுப் பெட்டை ஏன் உனக்கு? எங்கட வீட்டில ஜெசிந்தா இருக்கு. பேரைப் போடு. வந்து கேக்க ஆர் இருக்கினம்?"

மண்டபம் சிரித்தது. பற்றிக் மேசையில் தட்டினான். தேவராசாவின் பெண்கள் சிரித்தார்கள், ஷாமினி சிரித்தாள், உன் மாமியார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. விளங்காமலே போலந்துக்காரரும் சிரித்தார். உன் அப்பா எழும்பிக் கையைக் கூப்பிக் கும்பிட்டார், மாலை போட்டவர் போல. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அல்போன்ஸ் கதவுப் பக்கம் கையை நீட்டி, அந்த ஜெசிந்தாவும் இண்டைக்கு இஞ்ச வந்திருக்கிறா, ஒரு கைதட்டல் என்றான். எல்லோரும் திரும்பினார்கள். அப்போது நீ மேடையால் குதித்து, வயர் இல்லாத மைக்கைக் கொண்டு அவளிடம் ஓடினாய். சித்தி, ஒரு வரி பாடுங்கோ என்று மைக்கை அவளுடைய வாய்க்கு முன்னால் பிடித்தாய். ஒரு வரி சித்தி, உங்கட பாட்டு.

அவள் மைக்கை உன் கையிலிருந்து வாங்கினாள். மேசையில் வைத்தாள், கட்லெட் தட்டுக்குப் பக்கத்தில், சத்தம் வராமல். கோட்டுப் பொத்தான் போட்டுத்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு போனாள். கிழவி வெட்கப்படுகிறா என்று யாரோ சொன்னார்கள், நீ கிற்றாரை எடுத்துப் பாட்டைத் தொடங்கிவிட்டாய்.

நான் உன் அப்பாவிடம் கேட்டேன், பக்கத்தில் இருந்துதானே. "நீங்களோ பேரைக் குடுத்தது?"

"முப்பது வருஷம் போயிட்டுதப்பா" என்றார். காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் என் கோட்டைத் தேடி எடுத்து அவளுக்குப் பின்னால் போனேன். பஸ் தரிப்பில் பிடித்தேன். அன்றைக்குப் போனவள்தான், இன்றைக்கும் இங்கே அவளுடைய சோபாவில் படுக்கிறேன்.

முதல் நான்கு நாள் நாங்கள் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவள் விடிய வேலைக்குப் போவாள், நான் சமைப்பேன். ஐந்தாம் நாள் அவள் வேலை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். உனக்கு இது முதலே தெரியுமோ என்று.

"ஓம்" என்றாள்.

எப்படி என்றேன்.

"நீ அடிக்கேக்க அத்தான் ஒருக்காலும் நிமிந்து பாக்கேல்லை. தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளயே பாத்துக்கொண்டிருந்தவர். அப்பவே விளங்கீட்டுது."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"உன்ர வயித்தில பிள்ளை. வீட்டில வேற ஆம்பிளை இல்லை. நான் சொல்லி, நீ அவரோட சண்டை பிடிச்சு, அவரும் போயிருந்தா, அந்தப் பிள்ளையை வைச்சுக்கொண்டு நாங்கள் மூண்டு பொம்பிளையள் என்ன செய்யிறது?" மடித்த உடுப்பைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள். "பாட்டு எனக்கு நோகேல்லை அக்கா. ஊர் பாடினது. நீ நம்பாததுதான் நொந்தது."

அந்தப் பிள்ளை நீ, தம்பி. நீ தகப்பனோடு வளர வேண்டும் என்று ஒருத்தி தன் பெயரை ஊர் வாயில் விட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அவளுடைய வாய்க்கு முன்னால்தான் நீ மைக்கைப் பிடித்தாய். நீ தெரியாமல் செய்தாய், எனக்குத் தெரியும். மண்டபத்தில் செய்ததற்கு உன்னை நான் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு செய்ததற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் போனில் எல்லாம் சொன்னேன். விளக்குமாறு, ஓலை, விசில், எல்லாம். நீ, பெயர் தாளத்துக்குச் சரியாக இருந்திருக்கும் அம்மா, அதுக்காகத்தான் அப்பா மாத்தியிருப்பார் என்றாய். நான் போனை வைத்துவிட்டு இந்த மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன். ஜெசிந்தா. லொரெற்றா. தட்டிப் பார், உன் கையில் கிற்றார் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு. ஒரு தட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாளம் கேட்டு மாற்றின பெயர் இல்லை அது.

அடுத்த நாள் நீ எடுத்தபோது நான் ஒரு வழி சொன்னேன். பாட்டைப் பாடு, நல்ல பாட்டு, தாளத்தில் எனக்குக் கோபமில்லை. ஆனால் எழுதினவன் யாருக்கு எழுதினானோ அந்தப் பெயரைப் போடு. லொரெற்றா என்று பாடு. நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்காது, நான் எழுதிவைத்திருக்கிறேன்.

"அம்மா, உங்களுக்கு விசரோ? லொரெற்றா அன்ரி மிசிசாகாவில இருக்கிறா. அவவின்ர மகன் லோயர். கேஸ் போட்டா நான் வீட்டை விக்க வேணும்."

உனக்குச் சிரிப்பாக இருந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு, இவ்வளவு கடல் தாண்டி, தையல்கடைப் பின்னறையில் கதைத்த அதே கதையை நீ எனக்குப் போனில் சொன்னாய். அப்போது புறக்டரின் துவக்கு, இப்போது லோயரின் வழக்கு. அங்கே கேட்க ஆள் இருக்கிறது, ஆகவே அந்தப் பெயர் வேண்டாம். இங்கே பதினோராம் மாடியில் ஒரு கிழட்டுக் குமர், துணி துவைக்கிறவள், புருசன் இல்லை, பிள்ளை இல்லை. இந்தப் பெயரைப் போடு. நீ அவரிடம் டிரம்ஸ் மட்டும் பழகவில்லை.

ஆகவே சொல்லுகிறேன், கேள். இனிமேல் அவளைக் கேட்க ஆள் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. நான் இருக்கிறேன். அந்தப் பெயரோடு சீடி வந்தால், அது எந்தக் கடையில் இருக்கிறதோ அந்தக் கடை வாசலில் நான் நிற்பேன். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓலை வாசித்த கதையைச் சொல்லுவேன். பனியென்றாலும் நிற்பேன், எனக்கு நல்ல சப்பாத்து இருக்கிறது. வானொலியில் போட்டால் வானொலிக்குப் போன் எடுப்பேன். வேறு ஏதாவது பெயரைப் போடு, அல்லது பெயரே இல்லாமல் பாடு. உன் மகளுடைய பெயரைப் போடேன். போட மாட்டாய். யோசிக்கவே உனக்குக் கை கூசும். கூசுகிறதா? அவ்வளவுதான், நான் இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல நினைத்த புத்திமதி. நீ ஒரு பெண்ணுக்குத் தகப்பன். யாருடைய மகளின் பெயரையும் வாயில் எடுக்கும்போது கையைப் பார், கூசுகிறதா என்று.

போன ஞாயிறு அல்போன்ஸ் இங்கே வந்தான். உனக்குத் தெரியாது. ஸ்ரூடியோவுக்காக இங்கே தங்கி நின்றவன், மொன்றியலுக்குத் திரும்ப முதல், ஒரு கேக் பெட்டியோடு, படி ஏறினவன் போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவில் நின்றான். லிப்ற் வேலை செய்தது, பயத்தில் வந்த மூச்சு அது. நான் கதவைச் சாத்தப் போனேன். ஜெசிந்தா பின்னால் இருந்து, "வரட்டும் அக்கா" என்றாள். உள்ளே வந்தான். இருக்கச் சொன்னால்தான் இருந்தான். பாட்டை எழுதினது பிழை என்று அவன் சொல்லவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்து, மேடையில் பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன், உங்கட முகத்தைப் பார்த்த பிறகுதான் பகிடி இல்லை என்று விளங்கினது என்றான். ஸ்ரூடியோவில் அந்தக் கதையைத் தான் சொல்லப்போவதில்லை என்றும், தம்பி வேண்டுமென்றால் வேறு யாரையும் வைத்துச் சொல்லட்டும் என்றும் சொன்னான். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கேக்கை வெட்டினாள். நான் ஒரு துண்டும் தொடவில்லை. போகும்போது, "மன்னிக்க வேணும் தங்கச்சி" என்றான். "அது எப்பவோ" என்றாள். அவளுடைய மன்னிப்பு அவளுடையது. அதில் நான் தலையிடவில்லை. எனக்கு அவன் மேல் இருந்த பகை, பாதி செத்துப்போனது. மீதியை வைத்திருக்கிறேன், பழகின பகை, உடனே போகாது.

விசிலடித்தவன் யார் என்றும் எனக்குத் தெரியும். அவன் சண்டையில் செத்துப்போனான், அவனை விட்டுவிட்டேன். மன்னார்க்காரரை விட்டுவிட்டேன், அவர்கள் யாருக்கும் கடமைப்பட்டவர்கள் இல்லை. அடித்த என் கையை ஜெசிந்தா போன கிழமை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், அது எனக்குப் போதும். உன்னை மன்னிக்கிறேனா என்பது சனிக்கிழமை நீ என்ன பாடுகிறாய் என்பதில் இருக்கிறது.

மிச்சம் ஒருவர். பயத்தில் எழுதினவன் வேறு, விளையாட்டில் விசிலடித்தவன் வேறு. அவர்களுக்கு அவள் யாரோ. இவருக்கு அவள் சேர்ட் மினுக்கிக் கொடுத்தவள். கேட்க ஆள் இல்லாத வீடு என்று அவர் சொன்ன வீட்டில், கேட்க வேண்டிய ஆள் அவர்தான். தான் செய்ததற்கு அவள் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தவர். பிறகு எழும்பி வந்து அவளை மன்னிக்கச் சொன்னவர்.

கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இமிகிரேசன்காரர் கேட்டபோதுகூட உன்னைத்தான் சொல்லச் சொன்னேன். எங்கள் வழக்கம் அது, புருசனுக்கு மரியாதை. என் தங்கையின் பெயரை அவர் ஊருக்குக் கொடுத்தார். இன்றைக்கு அவருடைய பெயரை நான் ஊருக்குக் கொடுக்கிறேன். ஆசிரியர் இதைப் பெரிய எழுத்தில் போடட்டும். நான் மன்னிக்காதவர், சாகும் மட்டும் மன்னிக்கப்போகாதவர், சூசைப்பிள்ளை அந்தோனிமுத்து.